உறுப்பினர் பெற்றிசியாவும் ஊர் மானமும்

என் மச்சாள் பெற்றிசியா பிரதேச சபை உறுப்பினரானதற்கு மக்களும் காரணமில்லை, அவளும் காரணமில்லை. சட்டம்தான் காரணம். உள்ளூர்ச் சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்கள் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்ததும் எங்கள் பக்கத்துக் கட்சிக்காரர்கள் பதறிப்போனார்கள். மேடையில் ஏறினால் "வீரத் தாய்மாரே" என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள், அந்தத் தாய்மாரில் ஒருத்தியைப் பிடித்துப் பட்டியலில் போடுவதற்கு மன்னார்க் கரை முழுக்க அலைந்தார்கள். படித்த பெண்கள் வேண்டாம், கேள்வி கேட்பார்கள். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர்களைப் போட ஏலாது. கடைசியில் விடத்தல்தீவையும் தாண்டி, உப்புக் காற்றில் தலைமயிர் சிக்குப் பிடிக்க, எங்கள் கண்டல்குடாவுக்கு வந்துசேர்ந்தார்கள்.

அன்றைக்கென்று பெற்றிசியாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கருவாட்டுக்கு மீன் பிளந்துகொண்டிருந்தவள், வந்தவர்களைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டுக் கதிரையைக் காட்டினாள். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். பிறகு கதவோரம் போய்க் கைகட்டி நின்றாள். கட்சிப் பொறுப்பாளர் சீவரத்தினத்தார் வயல் பக்கத்து மனிதர், எங்கள் கரையில் அவருக்குப் பழக்கம் குறைவு. பெற்றிசியாவைப் பார்த்ததும் அவருக்கு மனம் குளிர்ந்துபோனது.

"பஸ்ரியன், உம்மட மனிசி நல்ல அடக்கமான ஆள் போல கிடக்கு."

பஸ்ரியன் என் அண்ணன். கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாதவன், பெற்றிசியாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தால் வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விடுவான்.

"ஓம் ஐயா, சத்தமே வராது," என்றான். அந்த நேரத்துக்கு அது பொய்யுமில்லை.

தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் கட்சி தோற்றது. ஆனால் பட்டியலில் கிடைத்த ஆசனத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பியே ஆகவேண்டும் என்றபடியால் பெற்றிசியா உள்ளே போனாள். சீவரத்தினத்தார் சபைக்குத் தலைவர், அதாவது தவிசாளர், ஆனார். பெற்றிசியாவின் தொண்டை திறந்தது முதலாவது கூட்டத்தில்.

அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். நான் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறவள். ஊரில் யார் வீட்டில் என்ன வேகிறது என்று தெரிந்த எனக்கு, சபையில் என்ன வேகிறது என்று பார்க்க ஆசை. அங்கே ஒன்றும் வேகவில்லை. எல்லாம் ஏற்கனவே வெந்து ஆறியவை. கண்காணாத நாடு ஒன்றில் நடந்த சண்டையைக் கண்டித்து ஒரு தீர்மானம். ஐக்கிய நாடுகள் சபைக்கு எங்கள் பிரதேச சபை வழங்கும் ஆலோசனை என்று இன்னொன்று. கட்சித் தலைவருடைய பிறந்த நாளுக்கு ஒரு வாழ்த்து. மேசை தட்டிய சத்தத்தில் சுவரிலிருந்த பல்லி கீழே விழுந்தது. அப்போது பெற்றிசியா எழும்பினாள்.

"எங்கட பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுது. கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. அதுக்கும் ஒரு தீர்மானம் போடுங்கோ."

சீவரத்தினத்தார் பொறுமையாகச் சிரித்தார். "தங்கச்சி, கல்வி எங்கட சபையின்ர அதிகாரத்துக்குள்ள வராது."

"அப்ப ஐ.நா. சபை வருமோ?"

மூலையில் யாரோ சிரித்துவிட்டார்கள். "சத்தமே வராது" என்ற என் அண்ணனை நினைத்துத் தவிசாளர் பல்லைக் கடித்திருப்பார். அன்றிலிருந்து பெற்றிசியாவுக்குக் கடைசி வரிசைக் கதிரை. அதிலும் ஒரு கால் ஆட்டம்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் ஏன் இந்தப் பிடி என்று கேட்டால், அவள் படித்த பள்ளிக்கூடம் ஒரு இடத்தில் இருந்ததில்லை. சண்டை துரத்தத் துரத்த அதுவும் ஓடியது. ஒரு தவணை மரத்தடியில், மறு தவணை கோயில் விறாந்தையில், அடுத்தது யாருடையதோ நெல்லுக் கொட்டிலில். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடம் ஓடிய திசை வேறு, குடும்பம் ஓடிய திசை வேறாகப் போயிற்று. அதோடு படிப்பு முடிந்தது. ஆகவே அசையாமல் ஒரு இடத்தில் நிற்கிற பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு அது மாதா கோயிலுக்கு அடுத்தது.

எங்கள் பள்ளிக்கூடமும் அப்படியொன்றும் மாளிகையில்லை. பாதிச் சுவர், மேலே தகரம். வெயில் ஏறினால் அந்தத் தகரத்தில் தோசை சுடலாம். சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது முதலில் திறந்தது அதைத்தான். அது திறந்தபடியால்தான் மன்னார் ரவுணில், பட்டணத்து வாடகை அறைகளில் கிடந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அதிபர் நூர்ஜஹான் ரீச்சர் பெரியமடுவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். அவருடைய முஸ்லிம் சனமும் சண்டைக் காலத்தில் துரத்தப்பட்டு, புத்தளத்தில் ஒரு ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள்தான். "ஓடினவளுக்குத்தான் ஓடினவளின்ர பிள்ளையளைத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஊரை விட்டுப் போகாமல் இருந்தார்.

அந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்களை மூடி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்க்க வேண்டும். செலவைக் குறைக்க வேண்டுமாம். அமைச்சர்மாருக்குப் புதிய வாகனம் இறங்கிய செய்தியும் அதே வாரம்தான் பேப்பரில் வந்தது. செலவை எங்கே குறைக்கலாம் என்று நாடு முழுக்கத் தேடிப் பார்த்தவர்களுக்கு எங்கள் தகரக் கொட்டில் கண்ணில் பட்டிருக்கிறது.

எங்களுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்றால் விடத்தல்தீவுதான். வரைபடத்தில் பார்த்தால் விரலால் தொடலாம். மாரியில் நடுவழியில் ஓடை பாதையை மேவிப் பாயும். பஸ் மனமிருந்தால் வரும். ஆம்பிளைப் பிள்ளைகள் கொஞ்ச நாள் போவார்கள், பிறகு கடலுக்குப் போவார்கள். பெண் பிள்ளைகளை ஒரு வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். வசதியுள்ளவர்கள் திரும்பவும் ரவுணுக்குப் போவார்கள். பிறகு ஊரில் யார் மிஞ்சுவது? ஆளில்லாத நிலத்தைக் கண்டால் எல்லைக் கல் நட்டுவிட்டுப் போவதற்கு எங்கள் நாட்டில் அரசாங்கத் திணைக்களங்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடம் போனால் ஊர் போகும் என்று பெற்றிசியா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

மூடுவதா விடுவதா என்று நேரில் பார்த்து எழுத ஒரு அதிகாரி வருகிறார் என்று அறிவித்தல் கிடைத்தது. பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்ப வசதியில்லாத ஊர் என்றால் மூடாமல், குறையைத் திருத்திக் கொடுப்பார்களாம். இங்கேதான் எங்கள் சனம் எங்கள் சனத்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையைச் செய்தது.

கோயில் மூப்பர் அருளப்பு ஊரைக் கூட்டினார். "வாற மனுசர் எங்களைப் பஞ்சப் பரதேசியள் எண்டு நினைக்கப்படாது. கண்டல்குடாவின்ர மானம் இதில கிடக்கு," என்றார். உடனே கோயில் மண்டபத்துக் கதிரைகள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போயின. திருநாளுக்குக் கட்டும் திரைச்சீலை யன்னலில் ஏறியது. பெற்றிசியா சும்மா இருந்தாளா? சீதனமாக வந்த தன் கண்ணாடி அலுமாரியை, சண்டைக்குள் மண்ணில் புதைத்துக் காப்பாற்றிய அலுமாரியை, நாலு பேரைக் கொண்டு தூக்குவித்து வகுப்பறையில் நிறுத்தினாள். நான் சங்கக் கடை மேசை விசிறியைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கரண்ட் இல்லை. விசிறி அழகுக்கு நின்றது.

நூர்ஜஹான் ரீச்சர் ஒருவர்தான் தலையில் கைவைத்தார். "மூப்பர் ஐயா, அவர் பார்க்க வாறது எங்களிட்ட என்ன இல்லை எண்டதையெல்லோ?"

"இல்லாததை எப்பிடி ரீச்சர் ஆக்களுக்குக் காட்டுறது?" என்று மூப்பர் திருப்பிக் கேட்டார். அவருக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை.

அதிகாரி வந்தார். ஊரிலிருந்த மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பாதையோரம் வரிசையாக நிறுத்தி வரவேற்பு. அவற்றில் பாதி ஓடாது; தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினோம். மதியம் அருளப்பு மூப்பர் வீட்டில் சாப்பாடு. நண்டுக் குழம்பு, இறால் பொரியல், கணவாய்க் கறி. அதிகாரி இடுப்புப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு மூன்றாம் தரமும் சோறு வாங்கினார். "இவ்வளவு ஒற்றுமையான, இவ்வளவு வசதியான ஊரை நான் இந்த மாவட்டத்தில காணேல்ல," என்றார். எங்களுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அவர் நன்றி கெட்டவர் இல்லை. கண்டதைக் கண்டபடியே எழுதினார். இந்தக் கிராமத்துப் பெற்றோர் வசதி படைத்தவர்கள், அநேகரிடம் மோட்டார் சைக்கிள் இருப்பதால் பிள்ளைகளை விடத்தல்தீவுக்கு அனுப்புவதில் சிரமம் இராது என்று எழுதினார். மின்விசிறி உட்பட வசதிகள் தேவைக்கு மேல் இருக்கின்றன என்றும் எழுதினார். பள்ளிக்கூடத்தை மூடியபின் கதிரைகளையும் கண்ணாடி அலுமாரியையும் வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம், ஏற்றுவதற்கு லொறி அனுப்பப்படும் என்றும் சேர்த்திருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சோறே இல்லாமல் மறைத்தவர்கள் நாங்கள்தான்.

பெற்றிசியா அந்த அறிக்கையின் பிரதியைச் சபைக்குக் கொண்டுபோனாள். சீவரத்தினத்தார் வாசித்துவிட்டு, "ஊரை வடிவா வைச்சிருக்கிறியள் எண்டுதானே எழுதியிருக்கு, சந்தோஷப்படுங்கோ," என்றார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார். அடுத்த விஷயம், சபை வாசலில் வைக்கவிருக்கும் பெயர்ப்பலகையில் யாருடைய பெயர் முதலில் வருவது என்பது. அது மாலை வரை போனது.

மன்னாரில் மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டம் வந்தது. பாராளுமன்ற உறுப்பினர்கள், திணைக்களத் தலைவர்கள், பொலிஸ், கடற்படை என்று பெரிய தலைகள் எல்லாம் கூடுகிற இடம். பிரதேச சபை உறுப்பினர்கள் அங்கே சுவரோரம் இருந்து கேட்கலாம். பேசக் கூடாது என்று எழுதிவைக்கவில்லை, ஆனால் ஒலிவாங்கி அந்தப் பக்கம் வராது. கல்வி விஷயம் எடுத்தவுடன் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் இனத்தின் அறிவுச் சொத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கண்டல்குடாவின் பெயர் அவர் வாயில் வரவில்லை. அவர் மூச்சு எடுக்க நிறுத்திய இடத்தில் பெற்றிசியா எழும்பினாள். கரையில் நின்று ஆழ்கடலில் நிற்கும் புருசனைக் கூப்பிடும் குரல் அது. ஒலிவாங்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

"கண்டல்குடாப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினதெல்லாம் பிழை. எழுதின ஐயாவில குற்றமில்லை. நாங்கள் பொய் காட்டினனாங்கள்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த சீவரத்தினத்தார் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவள் தட்டிவிட்டாள்.

"கதிரை கோயில்ட. திரைச்சீலை மாதாட. அலுமாரி என்ர சீதனம். விசிறி சங்கக் கடைட, பள்ளிக்கூடத்தில கரண்டே இல்லை. மோட்டார் சைக்கிள் பாதி ஓடாது. ஐயா சாப்பிட்ட நண்டு மட்டும் உண்மையா எங்கட. திரும்ப வந்து பாருங்கோ. இந்தமுறை உள்ளதைக் காட்டுறம்."

சிரிப்புச் சத்தத்தில் யன்னல் கண்ணாடி அதிர்ந்ததாகச் சொல்கிறார்கள். அந்த அதிகாரியும் அங்கேதான் இருந்தார். முகம் நண்டு நிறத்துக்கு வந்துவிட்டது. தலைமை வகித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி போய்ப் பார்க்கச் சொன்னார். யாரோ அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். பின்னேரத்துக்குள் மன்னார்த் தீவுத் தாராபுரத்திலிருந்து லண்டன் வரை கண்டல்குடாவின் கடன் கதிரை பிரபலமாகிவிட்டது.

ஊர் அவளோடு பேசுவதை நிறுத்தியது. பள்ளிக்கூடம் மூடப்படும் என்றபோது வராத கோபம், பொய் வெளிப்பட்டபோது வந்தது. அருளப்பு மூப்பர் பூசை முடிந்து வெளியே வந்தவர், அவளைக் கண்டதும் மற்ற வாசலால் போனார். என் கடைக்குச் சீனி வாங்க வருகிற பெண்கள், "உங்கட மச்சாள் ஊர் மானத்தை ஏலம் போட்டிட்டா" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நானும் அவள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். விசிறி விஷயத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். சங்கத் தலைவர் என்னிடம் விளக்கம் கேட்டார்.

பஸ்ரியன் வாய் திறந்ததுதான் ஊருக்கே அதிசயம். ஒருநாள் அவர்கள் வீட்டில், நானும் இருக்க, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் பெற்றிசியாவின் முன்னால் எழும்பினான்.

"உனக்கு மறந்துபோச்சோ? முகாமில நிக்கேக்க எத்தினை பேர் வந்து பார்த்தவங்கள். வெள்ளைக்காரன், அமைச்சர், கமராக்காரன். கிழிஞ்ச சட்டையைக் காட்டு, வெறும் பானையைக் காட்டு, பிள்ளையின்ர விலா எலும்பைக் காட்டு. காட்டினால்தான் கோதுமை மா தருவாங்கள். காட்டிக் காட்டிச் செத்துப்போனம். ஊருக்கு வந்தால் இனி ஒருத்தனுக்கும் காட்டிறேல்ல எண்டு அண்டைக்கு நினைச்சனான். நான் மட்டுமில்லை, அருளப்பு அண்ணையும்தான். இப்ப நீ அதையே காட்டச் சொல்லுறாய்."

பள்ளிக்கூடத்தில் கதிரை அடுக்கியதைப் பற்றி நான் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த நிமிடம் எனக்கே கசந்தது. பெற்றிசியா அவன் தள்ளிய கோப்பையை எடுத்து மூடி வைத்தாள்.

"அண்டைக்குக் காட்டினது பிச்சைக்கு," என்றாள் பிறகு. "இண்டைக்குப் பள்ளிக்கூடம் எங்கட உரிமை. மூடுறவன்தான் வெக்கப்பட வேணும். நாங்கள் ஏன் அவன்ர வெக்கத்தை மூடித் திரைச்சீலை போடுறம்?"

அண்ணன் வலையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனான். ஆனால் அலுமாரியைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது அவன்தான்.

அதிகாரி இரண்டாம் தரம் வந்த நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. இந்தமுறை அவரோடு வாகனத்தில் சீவரத்தினத்தாரும் வந்து இறங்கினார். அந்தப் படம் பரவிய பிறகு அது அவருடைய போராட்டமும் ஆகிவிட்டது. பெற்றிசியா காலையிலேயே போய்ப் பள்ளிக்கூட வாசல் படலையடியில் நின்றுகொண்டாள். ஒரு கதிரை உள்ளே போகவில்லை. மூப்பரின் மனைவி துணியால் மூடிய தட்டோடு வந்தார். உள்ளே பொரித்த இறால்.

"மாமி, திருப்பிக் கொண்டுபோங்கோ."

"வந்த மனுசருக்குப் பச்சைத் தண்ணிகூடக் குடுக்காம விடுறதோடி? நாங்கள் என்ன காட்டுச் சனமோ?"

"பச்சைத் தண்ணி நான் குடுப்பன்."

கொடுத்தாள். பள்ளிக்கூடக் கிணற்றில் அள்ளி ஒரு கோப்பை. அதிகாரி வாயில் வைத்துவிட்டு, துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் நின்றார். "உப்புக் கரிக்குது," என்றார்.

"ஓம் ஐயா. பிள்ளையளுக்கும் கரிக்கும்," என்றாள்.

அவர் ஆடுகிற வாங்குப் பலகையில் குந்தி, ஒழுகிய தகரத்தைப் பார்த்து, வியர்வையைத் துடைத்துத் துடைத்து எழுதினார். காரியம் கைகூடி வருகிறது என்று நாங்கள் நினைத்தோம். வெளியே வேலியோரம் அருளப்பு மூப்பர், ஏதோ தன் வேட்டியை நடுத்தெருவில் உருவியது போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அதிகாரிக்கு ஒரு பிள்ளையிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. முன் வாங்கில் இருந்த பெரிய வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டார். அது பெற்றிசியாவின் மகள் றஞ்சிதா.

"பிள்ளை, இஞ்ச படிக்க உமக்கு ஏதும் கஷ்டம் இருக்கோ?"

றஞ்சிதா நிமிர்ந்து நின்றாள். படத்தைப் பார்த்து ரவுண் பிள்ளைகள் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த நிமிர்வில் இருந்தது.

"இல்லை சேர். எல்லா வசதியும் இருக்கு. ஒரு குறையும் இல்லை சேர்."

வேலியோரம் மூப்பரின் முகம் மலர்ந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டு பேனையை மூடினார். பெற்றிசியா மன்னார்க் கூட்டத்தில் எழும்பி, வசவு வாங்கிப் பட்ட பாடெல்லாம், அவள் பெற்ற பிள்ளையின் ஒரு சொல்லில் கடலோடு போகப் பார்த்தது. நூர்ஜஹான் ரீச்சர் பெற்றிசியாவைப் பார்த்தார். பெற்றிசியாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் படலையை விட்டு உள்ளே வந்தாள்.

"றஞ்சி, சேருக்கு ஒண்டு சொல்லு. ஒண்டுக்கு வந்தால் நீங்கள் எங்க போறனீங்கள்?"

அந்தப் பள்ளிக்கூடத்தில் மலசலகூடம் இல்லை. சண்டையில் இடிந்தது இடிந்தபடியே கிடந்தது. கூரையைப் பற்றிப் பேசினோம், கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேசினோம், இதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. திறந்தால் மானம் போய்விடும். பற்றைக்குள் போகிறோம் என்று மகள் சொல்ல வேண்டும், அதிகாரி எழுத வேண்டும் என்பது பெற்றிசியாவின் கணக்கு.

றஞ்சிதாவின் கண் தாயைச் சுட்டது.

"போறேல்ல."

"போறேல்லயோ? பின்ன?"

"காலமை வீட்டால வெளிக்கிட்டா, திரும்பி வாற வரைக்கும் தண்ணி குடிக்கிறேல்ல. பெரிய பிள்ளையள் ஒருத்தரும் குடிக்கிறேல்ல. மாதத்தில சில நாள் பள்ளிக்கூடமே வாறேல்ல. வயித்துக்குத்து எண்டு வீட்டில பொய் சொல்லுறது." பிறகு அதிகாரியைப் பார்த்து, "மற்றப்படி ஒரு குறையும் இல்லை சேர்," என்றுவிட்டு இருந்தாள்.

அதிகாரி பேனையைத் திறந்தார். மூப்பர் அருளப்பு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்; அவருடைய பேத்தியும் அந்தப் பெரிய பிள்ளைகளில் ஒருத்தி. சீவரத்தினத்தார் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதைச் சபை ஏற்கனவே கவனத்தில் எடுத்திருப்பதாகச் சொன்னார்.

பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. மறு அறிவித்தல் வரை என்று ஒரு வாலும் அதற்கு உண்டு. மலசலகூடமும் தண்ணீர்க் குழாயும் வந்தன. திறந்து வைத்தவர் தவிசாளர் சீவரத்தினம் என்று பளிங்குக் கல்லில் பொறித்திருக்கிறது. கல் கதவை விடப் பெரிது. பெற்றிசியாவின் பெயர் அதில் இல்லை. ஆனால் கொழும்பு யாருக்கும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் கணக்குக்கு ஈடாக, காட்டோரத்து வயல் ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பார்க்கப் போன அதிகாரியை அந்த ஊர்ச் சனம் மேளதாளத்தோடு வரவேற்று, நிறைகுடம் வைத்து, பந்தி போட்டதாம். எங்களை விட மானமுள்ளவர்கள்.

ஊர் இப்போது பெற்றிசியாவோடு பேசுகிறது. மூப்பரும் பேசுகிறார், தேவைக்கு. அவள் இன்னமும் கால் ஆடும் கதிரையில் இருந்துகொண்டு, கடல் குரலில் கேள்வி கேட்கிறாள். இப்போது வைத்தியசாலைக்கு மருந்து வெட்டுகிறார்களாம், தபால் கந்தோரை மூடப் போகிறார்களாம், எல்லாவற்றுக்கும் அவள்தான். எனக்கு இதெல்லாம் பெரிதில்லை. அதிகாரி இரண்டாம் தரம் வந்துபோன அன்று பின்னேரம் அண்ணன் வீட்டில் நடந்ததுதான் பெரிது.

றஞ்சிதா சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பெற்றிசியா வந்து முன்னால் குந்தினாள்.

"எல்லாற்ற முன்னாலயும் உன்னை அப்பிடிக் கேட்டிருக்கப்படாது. என்னைக் கோவியாத பிள்ளை."

"கேட்டதுக்குக் கோவமில்லை அம்மா." அவள் இன்னமும் சுவரைத்தான் பார்த்தாள். "சபையில கதைக்கிறியள், மன்னாரில போய்க் கதைக்கிறியள், ஊரெல்லாம் எங்கட பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைக்கிறியள். என்னட்ட வீட்டில ஒருக்காவும் கேக்கேல்ல. நாங்கள் தண்ணி குடிக்கிறேல்ல எண்டு நான் சொல்ல முதல் உங்களுக்குத் தெரியுமோ?"

நான் சபைக்குப் போய்ப் பழகியவள். இப்படியான கேள்விக்கு என்னென்ன மறுமொழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கவனத்தில் எடுத்திருக்கிறோம், குழு அமைத்திருக்கிறோம், போன ஆட்சிதான் காரணம். பெற்றிசியாவும் அதையெல்லாம் கேட்டுப் பாடமாக்கியிருப்பாள்.

"தெரியாது பிள்ளை," என்றாள்.

பதவியில் இருக்கிற ஒருவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. றஞ்சிதா திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் அழாத பிள்ளை, அப்போதுதான் அழுதாள்.